ஒளி நின்ற இடம்

வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் ஒளியிழை முறிந்தால் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வாசகர்கள் பலர் யோசித்திருக்கக்கூடும். அதற்கென ஓ.ரீ.டி.ஆர். என்றொரு கருவி உண்டு. அது இழையினுள் ஒளித்துடிப்பை அனுப்பி, கண்ணாடியிற் சிதறித் திரும்பும் மிகச் சிறிய ஒளியை நேரத்தோடு அளக்கிறது. கண்ணாடியினுள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். போய்வர 10 மைக்குரோ செக்கன் எடுத்தால் பழுது 1 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது.

ஒற்றைக் கோடாகச் செல்லும் இழைக்கு இது போதும். ஆனால் வீடுகளுக்கான வலையமைப்பு கிளைவிட்ட மரம். நிலையத்திலிருந்து வரும் ஓரிழையின் ஒளியை, மின்சாரம் தேவைப்படாத ஸ்பிளிற்றர் என்னும் பிரிப்பான் 32 வீடுகளுக்குக்கூடப் பங்கிடும். நிலையத்திலிருந்து அளந்தால் எல்லாக் கிளைகளின் ஒளியும் கலந்தே திரும்பும். ஒரு வீட்டுக் கருவி பதிலளிக்கவில்லை என்பது நிலையத்துக்குத் தெரியும். அவ்வீட்டின் இழை எவ்விடத்தில் முறிந்தது என்பது இலகுவில் தெரியாது.

எமது ஒழுங்கையில் தனியே வசிக்கும் மூதாட்டி ஒருவரின் றவுட்டரில் மூன்று நாட்களாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. கனடாவிலுள்ள மகனின் முகத்தை அவர் காண்பது அந்த இணைப்பினூடாகத்தான். முறைப்பாடு செய்த போதெல்லாம், "எங்கள் பக்கத்தில் பழுதில்லை" என்பதே பதிலாக இருந்தது.

நான்காம் நாள் வந்த இளைஞர் கருவியை எடுக்கவில்லை. "ஐயா, உங்கட வீட்டில லைன் இருக்கோ?" என்று என்னிடமும் அயலவர்களிடமும் விசாரித்தார். எல்லா வீடுகளும் இருண்டிருந்தால் பழுது பிரிப்பானிலோ அதற்கு முன்போ இருக்கும். ஒரு வீடு மட்டுமென்றால் அந்தக் கிளையில்தான். பின்னர் மூதாட்டியின் வீட்டு முனையிலிருந்தே அளந்தார். சேவை 1310, 1490 நனோமீற்றர் அலைநீளங்களில் நடப்பதால், ஏனையோருக்கு இடையூறின்றி 1650 இல் ஒளியை அனுப்பினார். திரையிலிருந்த கோடு 43 மீற்றரில் சரிந்தது. கம்பத்துக் கவ்வியருகே இழை மடங்கி முறிந்திருந்தது.

செய்தியாளனாக நான் அலைந்த காலத்திலும், தலைமையகத்தின் அறிக்கையில் இல்லாதது கடைசி வீட்டு வாசலில் கிடைப்பதுண்டு. ஊரே இருண்டால் உடனே தெரிந்துவிடும். ஒரு வீடு மட்டும் இருண்டால், மையத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். தனியொருவரின் முறைப்பாட்டைச் சிறிதென ஒதுக்காமல், அவர் வாசலிலிருந்தே அளக்கத் தொடங்குவதுதான் முறை.