பத்தாவது ஆள்

2006 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. பேங்க்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. ஃபோர்ட் பக்கம் ஒரு கிளையில் நான் அப்போது புது ஆபீசர். வருஷக் கணக்கு முடிய நடுராத்திரி ஆகும் என்று வடா பாவுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்தரைக்கு எங்கள் ஹெட் கிளார்க் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் மேஜை வேலை மதியமே முடிந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் கடவுள் காத்திருக்க மாட்டாரா?" என்று கேட்டுவிட்டேன்.

"கடவுள் காத்திருப்பார், அண்ணா. மத்த ஒன்பது பேர் திரும்பிப் போயிடுவாங்க."

என்னைவிட இருபது வயது பெரியவர். மும்பையில் மதராஸி என்றால் எல்லோருக்கும் அண்ணாதானே :-)

அவர் பெனே இஸ்ரேல். கொங்கண் கரையோரக் கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்த, மராத்தி பேசும் யூதர்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது என்பதால் ஊரார் வைத்த பெயரே 'சனிவார் தேலி'. வெள்ளி சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள் ஆரம்பம். வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் சில ஜெபங்களைச் சொல்லலாம், தோரா சுருளைச் சபையில் படிக்கலாம். ஒன்பது பேர் எவ்வளவு பெரிய பக்திமான்களாக இருந்தாலும் ஒன்பதுதான்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிப் போனார். எங்கே? காட்கோபர் ஸ்லோ லோக்கலில் நான் தினமும் தாண்டிப் போகிற மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம்! அந்தப் பேரே யூத ஆலயத்தால் வந்தது என்பார்கள். பெனே இஸ்ரேல்கள் தங்கள் ஜெப ஆலயத்தை மஸ்ஜித் என்றுதான் சொல்வார்களாம். சாமுவேல் தெருவில் இருக்கும் அதை 1796இல் கட்டியவர் சாமாஜி ஹஸாஜி திவேகர், கம்பெனிப் படை அதிகாரி. திப்பு சுல்தானிடம் கைதியாகி உயிரோடு திரும்பியதற்கு நேர்த்திக்கடன் என்று கதை.

குல்லா போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து தலைகளை எண்ணினேன். என்னை விட்டுவிட்டு, அவரோடு சேர்த்துச் சரியாகப் பத்து. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

திரும்பும்போது சொன்னார்: "எங்க முன்னோர் எபிரேயத்தையே மறந்துட்டாங்க, அண்ணா. மிஞ்சினது ஷெமாங்கிற ஒரு ஜெபம், சனிக்கிழமை ஓய்வு, விருத்தசேதனம், சில சாப்பாட்டு விதி. பின்னாடி கொச்சி யூதர்கள் வந்து கத்துக்கொடுத்தாங்க. முதல்லேருந்து படிச்சோம்." 1874இல் புனேயில் பஸ்கா பண்டிகை நூலை எபிரேயமும் மராத்தியும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். நல்ல காரியம் என்றால் எலியா தீர்க்கதரிசி பேரில் 'மலிதா' படைப்பார்கள். அவல், தேங்காய், சர்க்கரை, பழம். எனக்குக் கோகுலாஷ்டமி ஞாபகம் வந்தது.

ஒரு காலத்தில் இங்கே சுமார் 20,000 பேர் இருந்தார்கள். 1948இல் இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். இப்போது சில ஆயிரம் பேர்தான். எங்கள் ஹெட் கிளார்க்கும் 2011இல் ரிட்டயர் ஆகி மகனோடு கிளம்பிவிட்டார். போகும்போது அவருக்கு இருந்த கவலை பென்ஷன் பற்றியல்ல, வெள்ளிக்கிழமை தன் இடத்துக்கு யார் வருவார் என்பதுதான்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன்? எங்கள் பில்டிங்கில் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் ஞாயிறு காலை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறார். மொத்தம் ஐந்து பிள்ளைகள். என் மகளுக்கு அதே நேரம் கணக்கு ட்யூஷன் வந்துவிட்டது. போன வாரம், நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லப் போனேன். அவர் கோபிக்கவில்லை.

"இவ நின்னா மத்த நாலும் ஒவ்வொண்ணா நின்னுடும், சார்" என்றார். அவ்வளவுதான்.

படி இறங்கும்போது பழைய குரல் காதில் கேட்டது. ட்யூஷன் சாரிடம் நேரம் மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். சரி, வேறு ட்யூஷன் பார்க்கிறேன்.

காட்கோபர் பக்கம் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு, ஞாயிறு காலை அல்லாமல், நல்ல வாத்தியார் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.