சுழல்வது வேறு, ஓடுவது வேறு



திருப்பூரில் பின்னலாடைத் தொழிலைச் சாராத குடும்பங்கள் குறைவு. எங்கள் அத்தா முப்பது ஆண்டுகள் சாயப்பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். தம்பி, வீட்டு மாடியறையில் கணினியின் முன் அமர்ந்து, ஏற்றுமதியாளர்களுக்காக ஆடை மாதிரிகளை முப்பரிமாணத்தில் வடிவமைத்துத் தருகிறான். அவ்வேலை கணினியை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கும். மாடியறையின் கோடை வெப்பத்திற்கு மின்விசிறி மட்டும் போதாது என்பதால், நீரால் குளிர்விக்கும் அமைப்பை அதனுள் பொருத்தினோம். சிறு பம்பு ஒன்று நீரைச் செலுத்தும். அந்நீர் செயலியின் மேலுள்ள செப்புத் தகட்டில் வெப்பத்தை வாங்கி, ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்பும்.

சென்ற கோடையில் ஓரிரவு, இஷாவுக்குப் பின் தொடங்கிய வேலை ஃபஜ்ருக்குள் முடிய வேண்டியிருந்தது. வாக்குக் கொடுத்திருந்தோம். நள்ளிரவில் கணினி தானே அணைந்தது. மீண்டும் இயக்கினோம். சில நிமிடங்களில் செயலியின் வெப்பம் 100 டிகிரியை எட்ட, மறுபடியும் அணைந்தது. பம்பின் வேகமோ நிமிடத்திற்கு 2,400 சுற்றுகள் எனத் திரையில் சரியாகவே இருந்தது. ஆகவே செயலிதான் பழுதென்று முடிவு கட்டி, புதியது வாங்கும் பணத்திற்கு வழி தேடலானோம்.

பேச்சொலி கேட்டு அத்தா மாடியேறி வந்தார். உண்மையைச் சொல்வதாயின், அவர் ஓய்வுபெற்ற பின் அந்த அறைக்கு நாங்கள் அவரை ஒருமுறையும் அழைத்ததில்லை. கணினியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணமே காரணம்.

"மோட்டார் சுத்துது, சரி. தண்ணி போகுதான்னு பாத்தீங்களா?" என்றார்.

"பம்பு ஓடுதுங்க அத்தா, இங்கயே காட்டுது பாருங்க" என்றான் தம்பி.

அத்தா ரேடியேட்டரின் மீது கை வைத்தார். கொதிக்கும் செயலிக்கு ஒரு சாண் தொலைவில் அது குளிர்ந்து கிடந்தது. "சூடு அங்கயே நிக்குது. வழியில அடைப்பு" என்றார். சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் பஞ்சுத் துகள் வடிகட்டியை அடைத்துக்கொண்டால், பம்பு சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் சாயநீரின் ஓட்டம் தளர்ந்து, துணி நகராமல் நின்று, சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிடும். அந்தப் பட்டறிவு அவர் கையில் இருந்தது.

செப்புத் தகட்டைக் கழற்றினோம். மயிரிழை போன்ற அதன் இடைவெளிகளில் வெண்படிவு இறுகியிருந்தது. குற்றம் எங்களுடையதே. நீர் குறைந்தபோதெல்லாம், காய்ச்சி வடித்த நீர் வாங்கச் சோம்பி, ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை ஊற்றியிருந்தோம்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதை நம்மூரார் அறிவர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது அத்தாவும் வேலையிழந்தார். சுத்திகரிப்பு நிலையங்கள் அப்போதும் இருந்தன. எனினும் கழிவுநீர் சிறிதும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. நொய்யலும் அதனருகே உள்ள கிணறுகளும் கெட்டன. இயந்திரம் இயங்குவது வேறு, அதன் பணி நிறைவேறுவது வேறு.

நீர்த்த வினிகரில் தகட்டை ஊறவைத்து, மென்மையான தூரிகையால் துலக்கி, தூய நீரால் அலசிப் பொருத்தினோம். அல்ஹம்துலில்லாஹ், வெப்பம் தணிந்தது. வேலையை அரைநாள் தாமதமாகவே அனுப்ப முடிந்தது. தவறு எங்களுடையது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டோம்.

பின்னர் குழாயின் இடையே ஒரு ஃப்ளோ சென்சார் பொருத்தினோம். அதனுள் காந்தம் பதித்த சிறு சக்கரம் உண்டு. நீர் தள்ளினால் மட்டுமே அது சுழலும். ஒவ்வொரு சுற்றும் ஒரு மின்துடிப்பாகி, மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று திரையில் தெரியும். எங்கள் கணினியில் அது 150 அளவில் நிற்கிறது. 60க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை ஒலித்துக் கணினி அணையுமாறு செய்துள்ளோம். சக்கரத்தில் தூசி சிக்கினால் அதுவும் தவறாகக் காட்டும் என்பதால், நீரின் வெப்பத்தையும் சேர்த்தே பார்க்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது நம்பிக்கை வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அளவியைப் பொருத்துவதும் அவ்வாறு கட்டுவதே.

ஆனால் அவ்விரவு எங்களை உறுத்தியது வேறொன்று. அத்தாவுக்கு அன்றாடம் ஸலாம் சொன்னோம், வேளைக்கு உணவு கொடுத்தோம். எல்லாம் முறையாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவரிடம் எதையும் கேட்டு, அமர்ந்து பேசி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தபோது எங்களிடம் பதில் இல்லை. இப்போது இஷாவுக்குப் பின் அவர் மாடிக்கு வருகிறார். முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறார், பிறகு பட்டறைக் கதைகளைத் தொடங்குகிறார்.

நம் தொழுகையும் உறவுகளும் வெறும் சுழற்சியாக நின்றுவிடாமல், சேர வேண்டிய இடத்தைச் சேர வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.