கத்தரி போடுவதற்கு முன்னால்...

செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி அணுபுரத்தில் இறங்கியபோது ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் இறங்கினேன். சண்டை அக்காவோடு. விஷயம், அம்மாவின் புடவைகள்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் கட்டிய காட்டன் புடவைகள் ஒன்பதை அக்காதான் எடுத்து வைத்திருக்கிறாள். அவற்றை வெட்டி, கட்டம் கட்டமாகச் சேர்த்து, எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு போர்வை தைத்துத் தருவதாகப் பேச்சு. காரியம் முடிந்த பதினாறாம் நாள் சொன்ன வார்த்தை. இன்றுவரை ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூட எதுவும் வந்து சேரவில்லை. "அண்ணா, அவ தரமாட்டா போலிருக்கு. நீ நேர்ல போய்க் கேளு" என்று தங்கை போனில் ஏற்றிவிட்டிருந்தாள்.

அத்தான் டூட்டிக்குப் போயிருந்தார். அணுசக்தித் துறைக் குடியிருப்புகளுக்கே உரிய அந்த நிசப்தம். மரம், நிழல், எங்கோ ஒரு சைக்கிள் மணி. வீட்டுக்குள் நுழைந்தால், திரும்பின பக்கமெல்லாம் ஒட்டுத் துணி! மிக்ஸிக்கு உறை, வாட்டர் பாட்டிலுக்குப் பை, வாசலில் மிதியடி, சூடான பாத்திரம் பிடிக்க ஏழெட்டுத் துணி. எல்லாம் கலர் கலராக. சிலது கோணல் மாணலாக.

"அம்மா புடவையைத் தொடவே இல்லை. இதுக்கெல்லாம் மட்டும் நேரம் இருக்கா?" என்றேன். காபி வருவதற்கு முன்பே ஆரம்பித்தாயிற்று.

"இது இல்லாம அது இல்லடா" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

பிறகு ஒரு கட்டைப் பையைத் தூக்கி வந்து தரையில் கவிழ்த்தாள். டெய்லர் கடையில் பிளவுஸும் சுடிதாரும் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள். குப்பைக்குப் போக வேண்டியவை. "எடுத்துட்டுப் போங்கம்மா, எனக்குக் கூட்டுற வேலை மிச்சம்" என்று கொடுத்துவிடுகிறாராம்.

நான் பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. உற்பத்தியில் கழிவு விழும். அதை விற்றால் கிடைக்கிற சொற்பத் தொகையைக் கணக்கில் வரவு வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். அதற்கு மேல் கழிவுக்கு மரியாதை கிடையாது. அக்கா வீட்டில் அந்தக் கழிவுதான் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் நெருப்புப் பரீட்சை. ஒவ்வொரு துணியிலிருந்தும் ஓர் இழையை உருவிக் கொளுத்துகிறாள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் உருகி, குண்டுமணி மாதிரி சுருண்டுகொள்ளும். பாத்திரம் பிடிக்கும் துணியில் பாலியஸ்டர் சேர்ந்தால் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும், அதனால் அது தனி மூட்டை. பருத்தித் துண்டுகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுத்தான் வெட்டுவாள். சுருங்குவது முதலிலேயே சுருங்கித் தொலையட்டும் என்று.

அடுத்தது நூல் கணக்கு. தைக்கிற நூல் அல்ல. இஞ்ச் டேப்பில், தச்சர்களும் டெய்லர்களும் சொல்கிற நூல். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது ஓரத்தில் இரண்டு நூல் விட்டுத் தைக்க வேண்டும். கை தவறி இரண்டரை நூல் ஆகிவிட்டால்? ஒரு பக்கம் அரை, மறு பக்கம் அரை, ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல் குறையும். எட்டுத் தையல் போட்டு முடித்தால் முழுசாக ஓர் இஞ்ச் காணாமல் போயிருக்கும். பக்கத்துக் கட்டத்தோடு மூலை சேராது. இழுத்து வைத்துத் தைத்தால் போர்வை அப்பளம் மாதிரி நெளியும்.

"அரை நூல் தப்பு கண்ணுக்குத் தெரியாது. எட்டாவது தையல்லதான் தெரியும். அப்ப துணி வெட்டியாச்சே, என்ன பண்ணுவே?" என்றாள்.

அதனால், முதலில் டெய்லர் கடைத் துணியிலேயே ஒரு முழுப் போர்வை தைத்துப் பார்த்திருக்கிறாள். அதற்குத் தேவை முப்பத்தாறு கட்டம். தைத்தது ஐம்பது. தேறாத பதினான்கும் மிச்சம். அந்தப் பதினான்கையும் அவள் தூக்கிப் போடவில்லை. பழைய டர்க்கி டவலை நடுவில் வைத்து, பின்பக்கம் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட ஒன்று. ஓரத்தில் பட்டி வைக்க ஒன்று. பட்டியை மூலையில் மடித்துத் திருப்ப மட்டும் நான்கு! பெரிய போர்வைக்கு மூலை நாலுதான். ஆனால், அந்த நாலும் தப்பினால் மொத்தமும் தப்பு. பதினாறு மூலை தைத்த பிறகுதான் ஒரு மூலை கத்தி மாதிரி நின்றதாம். நான் பார்த்த உறையும் பையும் பாத்திரத் துணியும் எல்லாம் அந்தப் பரீட்சைத் தாள்கள்தான்.

ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவில் தேதி எழுதியிருந்தாள். புரட்டிக்கொண்டே வந்தேன். ஒன்றில் தையல் பாதி வழியில் விலகி, எங்கோ ஓடி, நின்றுபோயிருந்தது. தேதியைப் பார்த்தேன். அம்மாவின் முதல் திவசத்துக்கு மறுநாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மேஜை மேல் வீட்டுச் சாவி கிடந்தது. அதில் விரல் உயரத்துக்கு ஒரு துணிப் பொம்மை. "சுனாமிகா" என்றாள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே உள்ள ஆரோவில்லில், 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திய உமா பிரஜாபதியும் அவருடைய குழுவினரும், கடலைப் பார்க்கவே பயந்துபோயிருந்த மீனவப் பெண்களை உட்கார வைத்து, மிச்சத் துணியில் பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். வியாபாரத்துக்கு அல்ல. கைக்கு ஒரு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் இறங்கி வரும் என்பதற்காக. இந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, பரிசாகத்தான் கொடுப்பார்கள். லட்சக்கணக்கில் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. கழிவு என்று ஒதுக்கிய துணியில் பழகிய கைகள்தான் அத்தனையையும் செய்தன.

அக்காவுக்கு அந்தப் பொம்மை வெறும் சாவிக்கொத்து அல்ல. 2004-ல் அவர்கள் கல்பாக்கத்தில், கடலோரக் குடியிருப்பில் இருந்தார்கள். ஊரில் பல உயிர்கள் போன அந்தக் காலையில் இவர்கள் தப்பித்தது தெய்வாதீனம். வீட்டுக்குள் புகுந்த கடல் தண்ணீர் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டது. அதில், பையன் பிறந்தபோது அம்மா தன் பழைய புடவைகளை நாலாக மடித்து, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் கொடுத்த குழந்தைத் துணிகள் இருந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அம்மா கை பட்டதுன்னு எங்கிட்ட இருக்கிறது இந்த ஒன்பது புடவைதான்டா. டெய்லர் கடைத் துணி தப்பா வெட்டினா இன்னொரு பை வரும். இது தப்பினா..."

கொண்டுவந்த சண்டையை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பழகுவதற்கு ஒரு துணி வேண்டும், தப்பு செய்தால் யாரும் திட்டாத துணியாக. அது கிடைத்த ஆள் பாக்கியசாலி. நமக்கெல்லாம் பெரும்பாலும் நேரடியாக ஒரிஜினல் புடவையிலேயே கத்தரியைக் கொடுத்துவிடுகிறார்கள். கல்யாணம், பிள்ளை வளர்ப்பு, வேலை... எதில் ஒத்திகை பார்த்தோம்?

சாப்பிட்ட பிறகு அக்கா பீரோவைத் திறந்து ஒரு புடவையை எடுத்தாள். வெங்காயச் சருகு நிறம், அரக்குக் கரை. "அந்த முனையைப் பிடி" என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். இடுப்பில் செருகுகிற இடமும் கால் இடறுகிற கரையும் நைந்து சல்லடையாகத் தெரிந்தன. முந்தானைப் பக்கம் திடம். நைந்ததை விட்டுவிட்டு, நல்லதற்கும் பின்னால் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைக்க வேண்டும் என்று விளக்கினாள். கட்டிலில் விரித்து, கோடு போட்டாள். கத்தரியை எடுத்தாள்.

நான் பால்கனிக்குப் போய்விட்டேன். சத்தம் மட்டும் கேட்டது. ஒரே சீராக, நிற்காமல்.

கிளம்பும்போது பாத்திரம் பிடிக்கும் துணி இரண்டு கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன, மூலையெல்லாம் கோணலா இருக்கு?" என்றாள்.

"கோணலெல்லாம் இதோட முடிஞ்சுது. நேரா இருக்கிறது தீபாவளிக்குள்ள வரும்" என்றேன்.