பையனுக்கு முதல் துப்பாக்கி

சேலையூர்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்காரர் போன்ல கேட்டார்: "மச்சான், பையனுக்குப் பன்னெண்டு வயசாச்சு. ஏர்கன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். லைசென்ஸே வேணாமாம். லீவுக்கு உங்க நிலத்துல கிளி, கொக்கு ஏதாவது சுட்டுப் பழகட்டுமே. எது வாங்கலாம்?" தாம்பரம் பக்கத்துல இருந்து இதே கேள்வியை இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. அதனால எல்லாருக்குமா சேர்த்து எழுதிடறேன்.

முதல்ல சட்டம். நிஜத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கவே 21 வயசு ஆகணும். 0.177 அளவு, அதாவது 4.5 மில்லிமீட்டர் குண்டு போடற, 20 ஜூலுக்கு உள்ளே ஆற்றல் இருக்கிற ஏர்கன்னுக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டாம். அது உண்மைதான். ஆனா வேண்டாம்னு சொன்னது ஏர்கன்னை வச்சிருக்கிறதுக்குத்தான், அதால கிளியைச் சுடறதுக்கு இல்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல கிளி, கொக்கு, கௌதாரி, மயில், உடும்பு எல்லாமே வரும். சுடறது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைக்கிறது, கூட்டைக் கலைக்கிறது, முட்டையை எடுக்கிறது எல்லாம் வேட்டைதான். நம்ம சொந்த நிலம்னாலும் அதே சட்டம்தான்.

"எங்கப்பா காலத்துல ஏரிக்கரையில கொக்கு அடிச்சாங்களே"ன்னு மாப்பிள்ளை சொன்னார். அடிச்சாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதே செங்கல்பட்டுச் சீமையில நேர்மாறா நின்ன ஊரும் இருக்கு. ஜிஎஸ்டி ரோட்டுல போய்ப் படாளம் கூட்ரோட்டுல திரும்பினா வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில பறவை சுட்டப்போ, அந்த ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போய் நின்னு, இனி யாரும் சுடக்கூடாதுன்னு எழுதி வாங்கினாங்க. கலெக்டர் பேரு லயனல் பிளேஸ், வருஷம் 1798. அவங்க கணக்கு சம்சாரிக் கணக்கு: பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம். அந்த ஊர்ல தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்கிறதில்லை.

என் நிலம் படப்பை தாண்டி இருக்கு. நவரைப் பட்டத்து நெல்லு பால் பிடிக்கும்போது சில்லைக் குருவி கூட்டமா இறங்கும். முத்தினப்புறம் கிளி வரும். நஷ்டம்தான், மறுக்கலை. ஆனா அதே வயல்ல ரெட்டைவால் குருவி உக்காந்து பூச்சி பிடிக்கணும்னு நானே அங்கங்க குச்சி நட்டு வச்சிருக்கேன். உழவு ஓட்டும்போது டிராக்டர் பின்னாடியே கொக்கு வந்து புழு பொறுக்கும். பன்னெண்டு வயசுப் பையன் கையில இருக்கிற ஏர்கன்னுக்கு இது கூலியாள், இது திருடன்னு தெரியாது.

இன்னொண்ணு, குறி தப்பின குண்டு எங்கே போகும்? முப்பது வருஷம் முன்னாடி சுத்தி வயல்தான். இப்ப மூணு பக்கமும் மனை போட்டுக் கல்லு நட்டாச்சு. வேலி ஓரமா ஸ்கூல் பசங்க சைக்கிள்ல போறாங்க. அந்தச் சின்னக் குண்டு நூறு மீட்டர் தாண்டியும் போகும். பட்டா கண்ணு போயிடும். இந்தப் பக்கம் இப்போ சுடறதுக்கு ஏத்த திசைன்னு ஒண்ணு கிடையாது.

அதனால மாப்பிள்ளைகிட்ட சொன்னேன்: "துப்பாக்கி வாங்காதீங்க மாப்ளே. பையனை மட்டும் அனுப்புங்க, நான் கவண் தரேன்."

உண்டிக்கோல் வேற, கவண் வேற. உண்டிக்கோல் கவட்டையும் ரப்பரும் சேர்ந்தது. அது குறி பார்த்து அடிக்கறதுக்கு. கவண் கயித்துல செய்யறது. கத்தாழை நாரைத் திரிச்சு, நடுவுல உருண்டை உக்கார்ற அளவுக்கு அகலமாப் பின்னணும். ஒரு முனையில இருக்கிற வளையத்தை விரல்ல மாட்டிக்கிட்டு, இன்னொரு முனையை அதே கையில பிடிச்சு, சுத்தி விடணும். வள்ளி தினைப்புனம் காத்த கதையில பரண் மேல இருந்து விட்டதும் இதைத்தான். காவல்காரன் கவணுக்குப் பறவை மேல படணும்னு அவசியமே இல்லை. பக்கத்துல விழுந்தாப் போதும், கூட்டம் எழுந்துடும்.

கல்லு வைக்கக்கூடாது. கல்லு வயல்ல கிடந்தா அறுப்பு மிஷின் கத்தி உடையும். களிமண்ணை எலுமிச்சை அளவுக்கு உருட்டி வெயில்ல காயவச்சா போதும், சூளையில சுடவேண்டாம். விழுந்தா உதிர்ந்துடும், தண்ணி பட்டா மறுபடி மண்ணு. சுத்தும்போது பத்தடிக்குள்ள ஆளு இருக்கக்கூடாது. வயலோட நடுவைப் பார்த்து மட்டும்தான் விடணும், ரோட்டுப் பக்கம் திரும்பவே கூடாது. இது ரெண்டையும் மீறினா அன்னிக்குக் கவண் கிடையாதுன்னு பையன்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன்.

முதல் நாள் உருண்டை அவன் முதுகுக்குப் பின்னாடி விழுந்தது. மூணாம் நாள் வரப்புல இருந்து வயலோட பாதி தூரம் போச்சு. கிளி வர்றது காலையிலயும் சாயங்காலமும்தான்னு அவனே கண்டுபிடிச்சு, மத்த நேரம் பம்புசெட்டுல குளிச்சான். நாலாம் நாள் கேட்டான்: "விரட்டறது ஜாலியாத்தான் இருக்கு மாமா. ஆனா கரெக்டா அடிக்கணும்னு ஆசையா இருக்கே?"

நியாயமான ஆசைதான். அதுக்கும் இடம் இருக்கு. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிள்ல 2019ல ரியோவுல நடந்த உலகக் கோப்பையில தங்கம் வாங்கினாங்க. ஒலிம்பிக்கும் போனாங்க. அவங்க சுடறதும் 4.5 மில்லிமீட்டர் குண்டுதான். இலக்குல நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். சுட்ட குண்டைவிடச் சின்னது. கிளி அதுக்குப் பக்கத்துல யானை மாதிரி. இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆக, உங்க பையனும் துப்பாக்கி கேட்டா, ஆன்லைன்ல ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு ரைபிள் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. வயசு வரம்பையும் சேர்ற விதிமுறையையும் அங்கேயே கேட்டுக்குங்க. பின்னாடி சுவரும் பக்கத்துல பயிற்சியாளரும் இருக்கிற இடத்துல அவன் காகிதத்தைச் சுடட்டும். வயலுக்கு வந்தா கவண் போதும். நார் திரிக்க நான் சொல்லித் தரேன்.