மஞ்சள்தூளும் காவிக்கல்லும்

ஜூன் 3

நீர்வண்ணத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த வரியிலேயே சமையலறை வந்துவிடுகிறது. மஞ்சள்தூளைக் கரைக்க வேண்டும், பீட்ரூட்டைத் துருவிப் பிழிய வேண்டும், செம்பருத்தியைக் கொதிக்கவைக்க வேண்டும். இயற்கை வண்ணம் தயார். இந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. வண்ணம் அரைக்கும் வேலை நல்ல வேலை, ஓவியம் பழகுகிற எவரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டியது. ஆனால் எதை அரைப்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'இயற்கையா, செயற்கையா' என்ற கேள்விக்கு வேலையே இல்லை. நீரில் கரையாமல் நிற்குமா, வெளிச்சத்தைத் தாங்குமா, மூக்கில் ஏறினால் கேடு செய்யுமா என்றுதான் கேட்க வேண்டும். மஞ்சள்தூளை எடுத்துக்கொள்வோம். சாம்பார் பட்ட வேட்டியில் சோப்புக்கு அசையாத மஞ்சள் கறை, வெயிலில் காயப்போட்டால் மங்கிப்போகும். இது தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. ஒளி பட்டால் அது சிதைகிறது. அதே மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவந்து ஆரத்தி ஆகிவிடுகிறது. வெயில் பட்டால் மங்கி, காரம் பட்டால் சிவக்கிற ஒன்றைக் காகிதத்தில் பூசிவிட்டு அதை ஓவியம் என்று சட்டமிட்டு மாட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதில்தான் முடியும்.

ஜூன் 4

சாயமும் நிறமியும் ஒன்றல்ல. சாயம் நீரோடு நீராகக் கரையும், இழைக்குள் ஊறும். நிறமி கரையாது; நுண்ணிய துகளாக மிதக்கும், விட்டால் அடியில் தங்கும். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்ட காலத்து வாளியை நினைத்துப் பார்த்தால் போதும். அந்தப் பழைய நீலப் பொடி சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும், கையால் கலக்கிக்கொண்டே துணியை அலச வேண்டும். பின்னால் வந்த சொட்டு நீலம் அப்படிப் படிவதில்லை, அது சாயம். அந்தப் பொடியோ அல்ட்ராமரின் என்ற நிறமி. அதன் கதை 'இயற்கை' பக்தர்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகள் இந்த நீலத்தை இன்றைய ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லசுலி கல்லிலிருந்து எடுத்தார்கள். விலை தங்கத்தோடு போட்டியிட்டது. 1824-இல் பிரான்ஸில் ஒரு தொழில் ஊக்குவிப்புச் சங்கம், மலிவான மாற்று கண்டுபிடிப்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று அறிவித்தது. 1828-இல் குய்மே என்ற வேதியியலாளர் பரிசை வென்றார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் வேகவைத்துக் கிடைக்கிற நீலமும் மலையில் கிடைக்கிற நீலமும் அடிப்படையில் ஒரே சேர்மம்தான். இரண்டுமே வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும், அமிலம் பட்டால் இரண்டுமே வெளுக்கும். கல்லில் சுண்ணமும் பைரைட்டும் கலந்திருப்பதால் துகளின் உருவமும் சாயலும் மாறும். அதை விரும்புகிறவர்கள் கூடுதல் விலை கொடுக்கட்டும். புனிதம் என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 7

அப்படியானால் வீட்டில் எதை அரைப்பது? முதலில் காவி. செங்காவி, மஞ்சட்காவி இரண்டுமே இரும்பின் ஆக்சைடு கலந்த மண். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவி உருவங்கள் திறந்தவெளியிலேயே நிற்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் 2008-இல் கிடைத்த சிப்பிகளில் காவி, கரி, நொறுக்கிய எலும்பு கலந்த கலவையும் பக்கத்தில் அரைகற்களும் இருந்தன. வயது ஏறக்குறைய 1,00,000 ஆண்டுகள். எந்தச் செடியின் சாறும் இப்படிச் சான்று சொல்லாது. மண் கட்டியைப் பொடித்து நீரில் கலக்கி, பருமணல் அடியில் தங்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்து, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் வடிக்க வேண்டும். மறுநாள் அடியில் படிந்திருக்கும் வண்டல்தான் நமக்கு வேண்டியது. உலர்த்திச் சலித்தால் பொடி தயார். இந்த வடிப்பில் அவசரப்பட்டால் பின்னால் எவ்வளவு அரைத்தாலும் பயனில்லை.

அடுத்தது பிசின். உலகச் சந்தையில் கம் அராபிக் என்று விற்பது முக்கியமாக சூடான் பக்கத்து வேலமரப் பிசின். நம் கருவேலம் பிசினும் அந்தக் குடும்பம்தான். ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை இதற்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் உண்டு. அது நீரில் உப்பி வழுவழுப்பாகுமே தவிர கரையாது, ஆகவே ஆகாது. ஒரு பங்கு பிசின் பொடிக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். உலர்ந்த வண்ணம் வெடிக்காமல் இருக்கச் சிறிது தேன் அல்லது கிளிசரின், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஓரிரு சொட்டு கிராம்புத் தைலம். சொரசொரப்பாக்கிய கண்ணாடிப் பலகையில் பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்துப் பிசின் நீரை விட்டு, கத்தியால் குழைத்தபின் கண்ணாடிக் குழவியால் 8 போடுவதுபோலச் சுற்றிச் சுற்றி அரைப்பது வழக்கம். முதலில் 'கரகர' என்று பல்லில் மணல் பட்டதுபோல ஓசை வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது தேய்ந்து 'சர்' என்ற வழுக்கலாக மாறும். குழவி பலகையை உறிஞ்சிப் பிடிக்கும், தூக்கினால் கிளைகிளையாக ஒரு கோலம் தெரியும். சிறு வண்ணக் கிண்ணத்தில் ஊற்றினால் உலரும்போது சுருங்கி நடுவில் பள்ளம் விழும், மேலே இன்னொரு தடவை ஊற்ற வேண்டும். காகிதத்தில் பூசிக் காய்ந்தபின் விரலால் தேய்த்தால் கையில் ஒட்டுகிறதா, பிசின் போதாது. பளபளத்து வெடிக்கிறதா, அதிகம். ஒவ்வொரு நிறமியும் வெவ்வேறு அளவு பிசின் கேட்கும். கரிப்பொடி நீரில் நனையவே மறுக்கும். அதற்கு முதலில் ஒரு சொட்டு ஆல்கஹால் வேண்டும்.

ஜூன் 11

எதிர்வாதம் ஒன்று வலுவானது. நம் முன்னோர் அவுரியும் மஞ்சிட்டியும் கொண்டுதானே நிறம் ஏற்றினார்கள், கலம்காரித் துணிகள் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் துணியில் நடப்பது வேறு. மஞ்சிட்டி போன்ற சாயம் படிகாரத்தின் வழியாக இழையோடு பிணைகிறது, கனமாக ஏறுகிறது. நீர்வண்ணத்தில் நிறம் மிக மெல்லிய படலமாகக் காகிதத்தின் மேல் கிடக்கிறது. ஒளியும் காற்றும் ஈரமும் முழுசாகத் தாக்கும். லண்டனில் ரசல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ணங்களின் மேல் ஒளியின் விளைவை ஆராய்ந்து 1888-இல் தந்த அறிக்கை இதைத்தான் காட்டியது. கார்மைன் போன்ற உயிர்ப்பொருள் சிவப்புகள் மங்கின, மண் நிறங்கள் நின்றன. காற்றும் ஈரமும் இல்லாத குழாயில் அடைத்தபோது பெரும்பாலான வண்ணங்கள் மாறவில்லை. பழைய சிற்றோவியங்கள் நன்றாக இருப்பதற்கும் ஏடுகளுக்குள் மூடிக் கிடந்தது ஒரு பெரிய காரணம். செடிச் சாயத்தை நிலைக்கவைக்க வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மெக்ஸிகோவின் மாயர்கள் அவுரி நீலத்தை ஒருவகைக் களிமண்ணோடு சூடாக்கி, அதன் நுண்துளைகளுக்குள் புகுத்தி, அமிலத்துக்கும் அசையாத நீலத்தைப் பெற்றார்கள். அங்கும் காப்பாற்றியது மண்தான்.

செயற்கை என்பதால் நிலைக்கும் என்று தலைகீழாக நம்பினாலும் இதே கதிதான். வான்கோ 1890-இல் வரைந்த ரோஜாக்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அவை வெள்ளை ரோஜாக்கள். அவர் பயன்படுத்திய சிவப்பு, அக்காலத்துப் புதுச் சரக்கான ஈயோசின் என்ற செயற்கைச் சாயத்திலிருந்து வந்தது.

ஜூன் 12

'இயற்கை என்றால் கெடுதல் இல்லை' என்ற நம்பிக்கைக்கு ஒரு பத்தி போதும். அரிதாரம் மண்ணிலிருந்து கிடைக்கும் கனிமம், ஆர்சனிக் சல்பைடு. சாதிலிங்கம் பாதரச சல்பைடு. இரண்டும் இயற்கை, இரண்டும் வீட்டுப் பக்கமே வரக் கூடாதவை. ஆலையில் செய்த இரும்பு ஆக்சைடோ இவற்றைவிடப் பலமடங்கு சாது. அதற்காக அதையும் மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு அரைக்கலாகாது. எந்த நுண்பொடியும் நுரையீரலுக்கு ஆகாது. அம்பர் (umber) என்ற பழுப்பு மண்ணில் மாங்கனீஸ் உண்டு, பல மண்களில் சிலிக்கா உண்டு. முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், சமையல் பாத்திரமோ அம்மியோ இந்த வேலைக்கு வரவே கூடாது.

ஜூன் 15

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் ட்யூப் வாங்கினால் போகிறது என்பவர்கள் பாதி சரி. ஆலையில் மூன்று உருளை எந்திரம் அரைக்கும் நைஸ் நம் மணிக்கட்டுக்கு வராது. கண்ணாடிப் பலகையும் குழவியும் வாங்கிக் கணக்குப் பார்த்தால் சிக்கனம் என்ற பேச்சும் நிற்காது, நிறைய அரைத்தாலொழிய. ஆனால் அரைத்துப் பார்த்தவர் ட்யூபின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்குகிறார். முன்பக்கம் எந்தக் கவர்ச்சிப் பெயர் இருந்தாலும் பின்னால் உள்ள நிறமிக் குறியீடு பிபி 29 என்றால் அல்ட்ராமரின், பிஒய் 43 என்றால் மஞ்சட்காவி, பிஆர் 83 என்றால் வெளிச்சத்தில் மங்கும் அலிசரின். காகிதத்தில் ஒரு நீலம் ஏன் மணல்மணலாகப் படிகிறது, இன்னொன்று ஏன் கறையாகப் பிடித்துக்கொள்கிறது என்பதும் கைக்குப் புரிகிறது. இந்தக் கல்விக்காகத்தான் வீட்டில் அரைக்கச் சொல்கிறேன்.

மங்குவதும் ஓர் அழகுதானே, மாக்கோலம் மறுநாள் நிற்கிறதா என்றும் கேட்கப்படும். கோலம் அழியும் என்று போடுபவருக்கும் தெரியும், மிதிப்பவருக்கும் தெரியும். பிள்ளைகள் பீட்ரூட் சாற்றில் விளையாடட்டும், தடையில்லை. விலை சொல்லி விற்கிற வண்ணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்று கையால் அரைத்த 'இயற்கை' நீர்வண்ணங்களைப் பெட்டியில் அடுக்கி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு பட்டையாகப் பூசி, பாதியைக் கனத்த அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு, இரண்டு பாதியும் தெரியும்படி ஒரு படம் எடுத்து விலைப்பட்டியலோடு போடுங்கள்.