பாய் வாங்கப் பத்தமடைக்கு!

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து எங்கள் வீட்டில் கடைத்தெருவுக்குப் போகிற வழக்கமே நின்றுபோனது. குத்துவிளக்கு முதல் குங்குமச்சிமிழ் வரை செல்போனில் ஒரு அமுக்கு... மறுநாள் கூரியர் பையன் வாசலில்! அவனைப் பார்த்தால் தெரு நாய்கூடக் குரைப்பதில்லை.

கல்யாணப் பாயும் அப்படித்தான் வந்தது. ‘அசல் பத்தமடை, மணமக்கள் பெயருடன்’ என்று போட்டிருந்தார்கள். பிரித்தால் வழவழவென்று பிளாஸ்டிக்! பெயர்களை அச்சடித்திருந்தார்கள். அதிலும் மாப்பிள்ளை பெயரில் வரவேண்டிய மூன்று சுழி ‘ண’வுக்கு ரெண்டே சுழி. திருப்பி அனுப்பப் பார்த்தேன். ‘பெயர் போட்ட பொருளைத் திரும்ப வாங்குவதில்லை’ என்று பதில் வந்தது. சண்டை போடலாம் என்றால் எதிரே ஆள் வேண்டாமா?

“சம்பந்தி வீட்டுக்காரங்க பார்த்தா மானம் போயிடும். நேர்ல போய் வாங்கிட்டு வாங்க” என்று என்னை ரயிலேற்றிவிட்டாள் மனைவி. அந்த பிளாஸ்டிக் பாயையும் சுருட்டிக் கையில் கொடுத்தாள். எதற்கென்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

திருநெல்வேலியில் பாபநாசம் பஸ்ஸைப் பிடித்தால், சேரன்மகாதேவிக்கு முன்னால் வருகிறது பத்தமடை. ரிஷிகேஷத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர். டீக்கடையில் விசாரித்தேன். “கடையில வாங்குதியளா, நெய்யுத வீட்டுக்கே போறியளா அண்ணாச்சி?” என்றவர், ஒரு பொடியனைத் துணைக்கு அனுப்பினார்.

பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். நான் போன வீட்டில் ஐம்பது வயது அம்மா ஒருவர், தரையோடு தரையாகக் கட்டியிருந்த தறியில் குனிந்து நெய்துகொண்டிருந்தார். ஆற்றங்கரைக் கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போட்டு, காயவைத்து, மெல்லிசாகக் கீற வேண்டும். பருத்தி நூல் பாவுக்குள் அந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்து நெருக்குகிறார்கள். நெய்து முடித்த பட்டுப்பாய் ஒன்றைக் கையில் கொடுத்தார். வேட்டி மாதிரி மடிகிறது, சார்! இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் 1953 முடிசூட்டு விழாவுக்கே இங்கிருந்து பாய் போனதாகச் சொல்கிறார்கள்.

“இதே மாதிரி, பேர் போட்டு...” என்று ஆரம்பித்தேன்.

“கல்யாணம் என்னிக்கு சார்?”

“இருபத்திரெண்டு நாள் இருக்கும்மா.”

சிரித்துவிட்டார். “பட்டுன்னா மாசக்கணக்காவும். இழை கொஞ்சம் தடிமனாப் போட்டா முடிச்சிரலாம். பேரும் நெய்து தாரேன். ஆனா வழவழன்னு இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்.”

இல்லாததை இல்லை என்று சொல்லி விற்கிற ஆளைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! என் மூட்டையைப் பிரித்துக் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தடவிப் பார்த்துவிட்டு, “இது ஒண்ணும் மோசமில்ல சார். தண்ணி பட்டா தொடைச்சுக்கலாம். கோரை இல்ல, அவ்வளவுதான்” என்றார்.

விலை சொன்னார். “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்...” என்று என் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. கண்ணால் பார்க்காத பிளாஸ்டிக்குக்கு, டெலிவரி சார்ஜும் சேர்த்து, முனகாமல் பணம் கட்டிய அதே ஆசாமிதான்!

அவர் கோபப்படவில்லை. “எம் மக ஜவுளிக்கடையில நிக்கா சார். மாசம் பொறந்தா சம்பளம். இதுல முதுகு போயிரும்மாங்கா. நான் என்னத்தச் சொல்ல?” என்றபடி கோரையை எடுத்தார். விரல் நுனிகள் காய்ப்பேறிக் கிடந்தன.

சொன்ன விலைக்கே முன்பணத்தை எண்ணி வைத்தேன். பொண்ணு, மாப்பிள்ளை பேரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாக விரலை ஓட்டியவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

“சார், மாப்பிள்ளை பேருல இது ரெண்டு சுழியா, மூணு சுழியா? தெளிவாச் சொல்லிருங்க. நெய்துட்டா அழிக்க முடியாது.”