அரிய தீங்கும் ஆயத்தமும்

அடிக்கடி வரும் நோயை மருத்துவர் அனுபவத்தால் அறிவர். பல்லாண்டுக்கு ஒருமுறை எதிர்ப்படும் நோயை எதனால் அறிவது? கலைப்பீட மாணவனுக்கு இவ்வினா எதற்கு எனச் சிலர் கருதலாம். எனினும் அது என் வயதினரைத் தொட்ட வினா.

2021 ஒக்டோபரில் இலங்கையில் 18, 19 வயது மாணவர்க்குப் பைசர் தடுப்பூசி ஏற்றப்பட்டபோது நானும் வரிசையில் நின்றேன். "இளம் பெடியளுக்கு இது நெஞ்சுக்குக் கூடாதாமே?" என்று தாயொருவர் கேட்டார். "அப்பிடி ஒண்டும் இல்லை" என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி.

அது முழு உண்மையன்று. இத்தகைய தடுப்பூசியின் பின் மிக அரிதாக இதயத்தசை அழற்சி ஏற்படலாம் என ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2021 யூலையிலேயே அறிவித்திருந்தது. அமெரிக்காவில் அவ்வாண்டு யூன் நடுப்பகுதி வரை கிடைத்த அறிக்கைகளின்படி, 12 முதல் 29 வயது வரையான ஆண்களுக்கு ஏற்றிய இரண்டாம் ஊசிகளில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 41 என்ற அளவிலேயே அது காணப்பட்டது. பெரும்பாலோர் ஓய்வினாலும் சிகிச்சையாலும் தேறினர். கொரோனாத் தொற்றும் இதே அழற்சியை விளைவிக்க வல்லது. இவ்வளவும் சொல்லத் தக்கனவே. சொல்லியிருப்பின் அத்தாயின் அச்சம் குறைந்திருக்கும்.

பத்து இலட்சத்தில் 41 என்பது கணக்கில் சிறிது. ஊசி ஏற்றிய மூன்றாம் நாள் நெஞ்சுவலியோடு கிராமிய மருத்துவமனைக்கு வரும் இளைஞனுக்கோ அது சிறிதன்று. அங்குள்ள இளம் மருத்துவர் அத்தகைய நோயாளியை முன்னர் கண்டிரார். காணாததைக் காணச் செய்வதே பாவனைப் பயிற்சி. மயாமிப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கோர்டன் 1968 இல் அறிமுகஞ் செய்த 'ஹார்வி' என்னும் பாவை, நாடித்துடிப்பையும் இதய ஒலிகளையும் நோய்க்கேற்ப மாற்றிக் காட்டியது. 2020 இல் பெருந்தொற்று வகுப்புகளை மூடியபின், பல நாடுகளில் இப்பயிற்சி கணினித் திரைக்கு வந்தது. ஆசிரியர் பாவையருகே நிற்க, மாணவர் தத்தம் வீட்டிலிருந்து ஈ.சீ.ஜீ. கோடுகளைப் பார்த்து, எதைக் கேட்பது, எச்சோதனையைக் கோருவது எனத் தீர்மானித்தனர். "அண்மையில் ஊசி ஏற்றினீரா?" என்ற ஒரு வினா, குருதியில் திரோபோனினைச் சோதிக்க வழிகாட்டும். தொட்டறியும் கைப்பழக்கத்தைத் திரை தராது. ஐயுற்று வினவும் பழக்கத்தைத் தரும்.

அப்பயிற்சியில் நோயைக் கண்டறிதலோடு, அதன் அருமையையும் உண்மையையும் ஒருங்கே எடுத்துரைத்தலும் இடம்பெறல் வேண்டும் என்பது என் கருத்து. "ஒன்றுமில்லை" என்னும் ஆறுதல், ஒரேயொரு நோயாளி வெளிப்படும் நாளில் பொய்யாகிவிடும். அதன்பின் மெய் சொல்வாரையும் மக்கள் நம்பார்.